முதலில் சொன்ன பதில்

அக்கா,

இன்று காலை வேலைக்குப் போகிற வழியில், ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் ஒரு கடையின் முன்பக்கத்தை உடைத்துக்கொண்டிருந்தார்கள். முன்பு புடவைக் கடையாக இருந்தது. இனி என்ன வரப்போகிறதோ தெரியாது. நடைபாதையில் நீளமான ஓக் மரம் ஒன்றைக் கிடத்தி ஒருவர் வாளால் அறுத்துக்கொண்டிருந்தார். பச்சை ஓக் மரத்தை அறுத்தால் என்ன வாடை வரும் என்று உங்களுக்குத் தெரியும். புளித்துப்போன மோரும் நனைந்த சாக்கும் கலந்ததுபோல ஒரு வாடை. பக்கத்துக் கடையின் கருவாடு, கறிவேப்பிலை, எதிரே வடை பொரிக்கிற எண்ணெய் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அது என் மூக்கில் ஏறியது. நான் நடுவழியில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த பெண் ஒருத்தி பிள்ளைவண்டியால் என் குதிக்காலில் இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள். பிழை அவளுடையதல்ல.

கிளினிக்கில் இன்று நான் சரியாக வேலை செய்யவில்லை. இரண்டு பேருக்கு ஒரே நேரத்தைக் கொடுத்துவிட்டேன். மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போனபிறகு உங்களுடன் மனதுக்குள் நிறையத் தர்க்கம் பண்ணியிருக்கிறேன். எழுதியதில்லை.

உங்களை முதலில் பார்த்தது இந்தக் கிளினிக்கில்தான். கன்னம் வீங்கி, சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டு வந்தீர்கள். வைத்தியர் பிரெஞ்சில் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினீர்கள். வரவேற்பு மேசையை விட்டு எழுந்துவந்து நான் மொழிபெயர்த்தேன். "நோகுதோ எண்டு கேக்கிறார்" என்று நான் சொல்ல, வீங்கிய வாயோடு, "நோகாமல் இஞ்சை ஏன் வாறன் எண்டு கேளும்" என்றீர்கள். அதை நான் அப்படியே சொல்லவில்லை. ஆனால் சிரித்துவிட்டேன். பல்லைப் பிடுங்கிய பிறகும் நீங்கள் அடிக்கடி வந்தீர்கள், என்னைப் பார்க்க.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பள்ளிக்கூட வயதிலேயே சின்னம்மாவிடம் இங்கே வந்து சேர்ந்தவள். கடைசிச் சண்டையைத் தொலைக்காட்சியில் பார்த்தவள். நீங்கள் வன்னியில் அதற்குள் இருந்தவர். எபினேயில் ஒரு வீட்டின் பின் அறையில் வாடகைக்கு இருந்தீர்கள். விடிய முன் எழுந்து சேன்-தெனி நகரில் அலுவலகங்கள் கூட்டித் துடைத்தீர்கள். ஒரு மகள் இருந்தாள், ஷெல் விழுந்து போய்விட்டாள் என்று ஒரு தடவை சொன்னீர்கள். கணவர் கனடாவில் இருக்கிறார், தொடர்பு இல்லை என்று இன்னொரு தடவை. இரண்டையும் விலைவாசி சொல்வதுபோலச் சொன்னீர்கள். மேலே கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில், நம் ஆட்களின் கடைகள் நிறைந்த லாசப்பலில் ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடையில் சந்திப்போம். அப்படி ஒரு ஞாயிறுதான் வேலையிடத்திலிருந்து வந்த கடிதத்தை நீட்டினீர்கள். வேலை செய்கிற எல்லோருக்கும் ஏதாவது படிக்கவென்று கணக்கில் சேர்கிற பணம் உங்களுக்கும் சேர்ந்திருந்தது. சனங்கள் அதில் பிரெஞ்சு படிப்பார்கள், அல்லது 'பெர்மி' என்கிற ஓட்டுநர் பத்திரம் எடுக்கக் கார் ஓட்டப் பழகுவார்கள். நீங்கள் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினீர்கள். நீங்கள் துப்புரவு செய்கிற அலுவலகம் ஒன்றின் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரம். நோர்மண்டியில், பழைய மரக் களஞ்சியங்களைப் பார்த்தபடி, ஆணி இல்லாமல் மரத்தோடு மரத்தைப் பொருத்திக் கட்டிடத்துக்கு மரச் சட்டம் எழுப்பப் பழக்குகிற பயிற்சி.

"இது எனக்கு வேணும்" என்றீர்கள்.

"அக்கா, இது தச்சுவேலை. கூரை போடுறது."

"தெரியும். படத்திலை கிடக்குது தானே."

"உங்களுக்கு ஏன் இது? பிரெஞ்சைப் படியுங்கோ. ஒஃபீசிலை நல்ல வேலைக்கு மாறலாம்."

"பிரெஞ்சுக்கு நீர் இருக்கிறீர்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தீர்கள். "வேலையிலை கொன்ஜே லீவு எடுத்துக்கொண்டு நீரும் வாரும். நான் கேக்கிறதை அவையளுக்குச் சொல்ல ஆள் வேணும்."

வீட்டில் என்னவர் சிரித்தார். "ரெண்டு பேரும் அங்கை போய் எங்களுக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். எனக்கும் அது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. உங்களுக்கு ஏதோ விடுமுறை ஆசை வந்திருக்கிறது, கேட்கக் கூச்சப்பட்டு இப்படிச் சுற்றி வளைக்கிறீர்கள் என்று நினைத்தேன். சேன் லசார் நிலையத்தில் நீங்கள் புட்டுப் பார்சலும் மாசிச் சம்பல் போத்தலுமாக வந்து நின்றபோதும் அப்படித்தான் நினைத்தேன்.

ரயிலில் நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தீர்கள். மழை. ஆப்பிள் தோட்டங்கள். நனைந்தபடி நின்ற மாடுகள். "இந்த மண் தண்ணியை நல்லாக் குடிக்கும் போலை" என்று ஒரு தடவை சொன்னீர்கள். அவ்வளவுதான் உங்கள் பேச்சு.

பயிற்சி நடத்தியவர் பெயர் பெனுவா. பெரிய உடம்பு, மெல்லிய குரல். வந்திருந்த மற்றவர்கள் எல்லோரும் பிரெஞ்சுக்காரர்கள். பழைய வீடு வாங்கித் திருத்துகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள். ஒவ்வொருவரும் ஏன் வந்தோம் என்று சொல்லவேண்டியிருந்தது. உங்கள் முறை வந்ததும், "பாரம் எப்பிடி நிக்குது எண்டு அறியவேணும்" என்றீர்கள். நான் மொழிபெயர்த்தேன். பெனுவாவுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. இதைவிட நல்ல காரணத்தை இதுவரை ஒருவரும் சொன்னதில்லை என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், உங்களுக்கு அந்த வேலை வரவில்லை அக்கா. உளி கோணும். ஒரு மரத்தில் துளை வெட்டி, மற்ற மரத்தின் முனையை நாக்குப்போலச் செதுக்கி உள்ளே செருகவேண்டும். நீங்கள் செதுக்கிய நாக்கு ஒரு துளைக்கும் பொருந்தாமல் நின்று ஆடியது. பெனுவா அதைப் பிடுங்கிப் பார்த்து, "விறகுக்கு ஆகும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். பச்சை ஓக்கும் இரும்பும் சேர்ந்து உங்கள் உள்ளங்கைகளை நீலக் கறுப்பாக்கிவிட்டிருந்தன. சவர்க்காரத்துக்குப் போகவில்லை. ஆனால் கேள்வி கேட்பதில் நீங்கள் விடவில்லை. இந்த மரத்தின் பாரம் எங்கே போகிறது? அது எதில் இறங்குகிறது? இதைக் கழற்றினால் எது முதலில் வளையும்? சொற்களையும் பிடித்துக்கொண்டீர்கள். மற்றச் சொல்லெல்லாம் மறந்தாலும், தூணுக்கு அவர்கள் சொல்லும் 'போத்தோ' உங்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. "எங்கட கப்பு" என்றீர்கள் என்னிடம்.

பிறகு களஞ்சியங்களைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். வைக்கோலும் தானியமும் வைக்கவென்று எத்தனையோ தலைமுறைக்கு முன் கட்டியவை. உள்ளே போனதும் எல்லோரும் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார்கள். நீங்கள் குனிந்து, தூண்கள் கல்லின் மேல் குந்தியிருந்த இடத்தைப் பார்த்தீர்கள். ஈரம் ஏறாமலிருக்கக் கல்லின் மேல் வைப்பார்களாம். விரலை விட்டுத் தடவினீர்கள்.

கடைசியாகப் போன களஞ்சியத்தில் குறுக்குச் சட்டங்களின் பக்கவாட்டில் வரிசையாக வெறுந்துளைகள் இருந்தன. நன்றாக வெட்டிய துளைகள், ஆனால் எதுவும் செருகப்படாதவை. ஒருவர் அது ஏன் என்று கேட்டார். களஞ்சியத்தின் சொந்தக்காரர், சேற்றுச் சப்பாத்தோடு நின்ற எழுபது வயதுக்காரர், கையை வெளியே தோட்டத்துப் பக்கம் காட்டினார். அவருடைய தாய் சிறு பெண்ணாக இருந்த காலத்தில், உலகப் போரின் கடைசிக் கோடையில், இங்கே குண்டு விழத் தொடங்கியதாம். சனம் ஆப்பிள் தோட்டத்தில் குழி வெட்டி, களஞ்சியத்தின் மரங்களைக் கழற்றிக் குழிகளை மூடிக்கொண்டு உள்ளே இருந்ததாம். போர் முடிந்து எவரும் மரங்களைத் திருப்பி வைக்கவில்லை.

நான் உங்களுக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். சொல்லி முடிக்கும்போது நீங்கள் ஒரு வெறுந்துளைக்குள் கையை மணிக்கட்டு வரை விட்டிருந்தீர்கள்.

"ஆக்கள் தப்பினவையோ எண்டு கேளும்."

கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். "சிலர்" என்றார்.

திரும்பி வருகிற வாகனத்தில் உங்கள் முகத்தைப் பார்த்தேன். காய்ச்சல் வருகிறவர் முகம். இடம் மாறிச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மாத்திரை தேடினேன். நீங்கள் வேண்டாம் என்றீர்கள்.

அடுத்த நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவர்கள் கோப்பி குடிக்கப் போனார்கள். பெனுவா தனியாக உட்கார்ந்து உளி தீட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றீர்கள். ஒரு பலகைத் துண்டை எடுத்து, அவருடைய பென்சிலை வாங்கி, நிலத்துக்குள் வெட்டிய குழிபோல ஒரு கிடங்கை அதில் வரைந்தீர்கள். மேலே குறுக்காக மரங்கள். அந்த மரங்களின் அடியில், நடுவில், தாங்கலாக ஒரு தீராந்தி உத்திரம். அதன் கீழே ஒரு கப்பு. மரங்களுக்கு மேலே மண்.

"இப்பிடி ஒரு கிடங்குக் கூரை. எவ்வளவு தாங்கும் எண்டு கேளும்."

பெனுவா உளியைக் கீழே வைத்தார். அவருக்கு நல்ல உற்சாகம். என்ன மரம் என்று கேட்டார். பனை என்று சொல்ல எனக்குப் பிரெஞ்சில் சரியான சொல் வரவில்லை. கைபேசியில் படம் காட்டினேன். அகலம் எவ்வளவு என்றார். நீங்கள் இரண்டு கையையும் விரித்து, இன்னும் கொஞ்சம் என்று காட்டினீர்கள். மண் எவ்வளவு உயரம்? முழங்கால் அளவு. காய்ந்த மண்ணா, ஈரமா? "மழை பெய்து கொண்டிருந்தது எண்டு சொல்லும்" என்றீர்கள். பெய்துகொண்டிருந்தது என்று நடந்ததுபோல நீங்கள் சொன்னதை அப்போதாவது நான் கவனித்திருக்கவேண்டும். நான் சொல் தேடுவதில் குறியாக இருந்தேன்.

பிறகு நீங்கள் விரலால் அந்தக் கப்பை அழித்தீர்கள். பென்சில் கோடு முழுதாகப் போகவில்லை, மங்கலாக நின்றது.

"இது இல்லாட்டி?"

பெனுவா பலகையின் ஓரத்தில் ஏதோ எழுதிப் பார்த்தார். தலையை ஆட்டினார். மெல்லிய குரலில், சிரித்த முகத்தோடு சொன்னார்: "ஈர மண்ணுக்கு இந்த அகலம் அதிகம். தூண் இல்லாவிட்டால் ஒருநாள் விழும். பக்கத்தில் ஒரு பாரவண்டி போனாலே போதும். தூண் இருந்தால் உங்கள் காலம் முழுக்க நிற்கும்." பிறகு என்னைப் பார்த்து, "என்ன வைக்கப் போகிறாராம், உருளைக்கிழங்கா?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். நீங்கள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினீர்கள். 'போத்தோ' என்ற சொல்லை அவர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். அதோடு விழுவதையும் நிற்பதையும் கையால் காட்டியிருந்தார். உங்களுக்கு என்னுடைய மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"ஒபு" என்றீர்கள் நீங்களே, பெனுவாவைப் பார்த்து. ஷெல்லுக்குப் பிரெஞ்சுச் சொல். அகதி விண்ணப்பம் செய்த காலத்தில் நீங்கள் கற்றுக்கொண்ட சொற்களில் ஒன்று. பிறகு தமிழில் என்னிடம், "பங்கர் எண்டு சொல்லும். பக்கத்திலை ஷெல் விழுந்தது எண்டு சொல்லும்" என்றீர்கள்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

பெனுவா எழுந்து நின்றார். பிறகு திரும்ப உட்கார்ந்தார். "நான் சொன்னது மண்ணின் பாரத்துக்கு" என்றார். "நான் வைக்கோல், பனி, காற்று இவற்றைக் கணக்குப் பார்க்கிறவன். மற்றது எனக்குத் தெரியாது. தூண் தாங்கியிருக்கலாம். அதிர்ச்சியில் தூணே வெளியே பறந்து உள்ளே இருந்தவர்கள்மேல் விழுந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரியாது. தெரியும் என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்கிறார்."

இதை முழுக்க மொழிபெயர்த்தேன். நீங்கள் கேட்டுவிட்டு, "பாவம் பாத்துச் சொல்லுறாரோ எண்டு கேளும்" என்றீர்கள்.

அக்கா, அந்தக் கேள்வியை அவரிடம் கேட்க எனக்கு உடம்பு கூசியது. கேட்டேன்.

அவர் உங்களை நேராகப் பார்த்தார். "பாவம் பார்த்திருந்தால், தூண் இருந்தாலும் விழுந்திருக்கும் என்றல்லவா சொல்லியிருப்பேன்" என்றார்.

நீங்கள் தலையாட்டினீர்கள். பலகையை அவரிடமே கொடுத்துவிட்டு வெளியே நடந்தீர்கள்.

தோட்டத்து மர இருக்கையில் உங்களைப் பிடித்தேன். மழை விட்டிருந்தது, வாங்கு ஈரம். நீங்கள் அதைப் பொருட்படுத்தாமல் உட்கார்ந்திருந்தீர்கள். அங்கேதான் சொன்னீர்கள். பங்கரை வெட்டியது உங்கள் கணவர். பனங்குற்றி அடுக்கி, உங்கள் கூறைச் சேலையையும் கிழித்துத் தைத்து மண்மூட்டை போட்டு, நடுவில் கப்பு நாட்டியவரும் அவர்தான். பிள்ளைக்குக் காய்ச்சல். கப்பு நடுவில் நின்றதால் அவளைக் காலை நீட்டிக் கிடத்த முடியவில்லை. மூன்று பேரும் குந்திக்கொண்டே இருந்தீர்கள். "அம்மா, காலை நீட்டப்போறன் எண்டு அழுதுகொண்டே இருந்தாள். அவர் பால்மா வரிசைக்குப் போயிட்டார். நான் கப்பைக் கழட்டிச் சுவரோடை சாத்தினனான். அவள் காலை நீட்டிக்கொண்டு நித்திரையாப் போனாள். நல்ல நித்திரை. நான் வாசல் படியிலை கஞ்சி காய்ச்சிக்கொண்டு இருந்தனான்."

ஷெல் விழுந்து கூரை இறங்கியதை நீங்கள் சொல்லவில்லை.

பிறகு முகாமில், ஒரேயொரு தடவை, அவர் சொன்னாராம்: "அந்தக் கப்பு நிண்டிருந்தால் பிள்ளை இருந்திருப்பாள்." அதன்பின் நீங்கள் இருவரும் ஒரே கூடாரத்தில் பேச்சில்லாமல் இருந்தீர்கள். அவர் ஒரு வழியால் கனடா போனார், நீங்கள் ஒரு வழியால் இங்கே வந்தீர்கள். சண்டை போடவும் இல்லை, பிரியவும் இல்லை. இத்தனை வருஷமும் அந்த ஒரு வசனத்தோடு இருந்திருக்கிறீர்கள். அது சரியா பிழையா என்று தெரிந்த ஒருவரிடம் கேட்கத்தான் உளி பிடிக்க வந்தீர்கள்.

நான் என்ன சொல்வது என்று தெரியாமல் உங்கள் கையைப் பிடித்தேன். நீங்கள் அதை மெல்ல விடுவித்து, கைபேசியை எடுத்தீர்கள். அதை வாங்கில் வைத்து, சத்தத்தை வெளியே விட்டு, இலக்கத்தை அழுத்தினீர்கள். அந்த இலக்கம் உங்களிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.

"நான்தான்."

அந்தப் பக்கம் வாகனங்களின் சத்தம். பிறகு ஒரு ஆண் குரல், பயந்த குரல். "என்ன, உமக்கு ஏதும் சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறன். ஒரு கதை சொல்லத்தான் எடுத்தனான். கப்பைப் பற்றி மரவேலை தெரிஞ்ச ஒருத்தரிட்டைக் கேட்டனான்."

நீங்கள் கைபேசிக்குக் கிட்டக் குனிந்தீர்கள்.

"கப்பு நிண்டிருந்தால் தாங்கியிருக்குமோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம். தெரியுமெண்டு சொல்லுறவன் பொய் சொல்லுறானாம். உங்களுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நீங்கள் அண்டைக்குச் சொன்னதைத் திருப்பி எடுங்கோ."

நான் எழுந்து தள்ளிப் போக நினைத்தேன். நீங்கள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். தனியாக அதைக் கேட்க உங்களுக்குப் பயமாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அவர் சொன்னார்: "நான் அங்கை நிக்கேல்லை."

நீங்கள் என் சட்டையை விடவில்லை.

"பால்மா வரிசையிலை நிண்டனான். வரிசை குழம்பிப்போச்சு. திரும்பி வந்திருக்கலாம். வரேல்லை, திரும்பவும் போய் நிண்டனான். நான் அங்கை நிக்கேல்லையப்பா." அவர் அழுவது கேட்டது. "ஆரையாவது பிழை சொல்லவேணும் போலை இருந்தது. அண்டைக்கு நீர்தான் முன்னாலை இருந்தனீர்."

"ஓம்" என்றீர்கள். "எனக்குத் தெரியும்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நான் கைபேசியை எட்டிப் பார்த்தேன். கடைசியில் நீங்கள், "சாப்பிட்டியளோ?" என்று கேட்டீர்கள்.

"இல்லை. இனித்தான்."

"போய்ச் சாப்பிடுங்கோ."

கடைசி நாள் எல்லோரும் சேர்ந்து மரச் சட்டத்தை நிமிர்த்தினார்கள். ஒரு சின்னக் கொட்டகைக்கு உரிய சட்டம். நீங்கள் கயிறு பிடித்தீர்கள். மற்றவர்கள் கை தட்டியபோது நீங்களும் தட்டினீர்கள். பெனுவா உங்களுக்குக் கை கொடுக்க வந்தார், நீங்கள் கும்பிட்டீர்கள், அவரும் பழக்கமில்லாமல் கும்பிட்டார். எனக்கு மனம் ஆறியிருந்தது. நல்ல காரியம் ஒன்று நடந்துவிட்டது என்றும், வந்த வேலை முடிந்துவிட்டது என்றும் நினைத்தேன்.

ரயிலில் அதைத்தான் சொன்னேன். "இப்ப உங்களுக்கு ஆறுதலா இருக்குமே அக்கா?"

நீங்கள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னீர்கள். "அந்தத் தச்சர் ரெண்டு பதில் சொன்னவர். ரெண்டாவதைக் கனடாவிலை இருக்கிறவருக்குக் குடுத்திட்டன். முதலாவதை நான் வைச்சிருக்கிறன்."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் உங்களிடம் நான் குரலை உயர்த்திய ஒரே தடவை அதுதான். "அக்கா, முதல் பதில் உருளைக்கிழங்குக்குச் சொன்னது! அவர் விஷயம் தெரியாமல் சொன்னவர்!" பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியாமல் சொன்னதுதான் உண்மை பிள்ளை. ஆரெண்டு பாக்காமல் சொன்னவர்." உங்கள் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. "ஷெல் மேலை விழேல்லை, பக்கத்திலை விழுந்தது. மண் ஈரம். நான் கேட்ட எல்லாத்துக்கும் அவர் கணக்குப் பாத்தவர்."

"அப்ப ஏன் அவரிட்டை அப்பிடிச் சொன்னனீங்கள்? திருப்பி எடுங்கோ எண்டு சண்டை பிடிச்சனீங்களே?"

"அந்தாள் அங்கை தனிய இருக்கிறார்" என்றீர்கள். "நான் சொன்னதும் பொய் இல்லை. அந்தத் தச்சர் சொன்ன பதில்தானே."

அதன்பின் அதைப்பற்றி நீங்கள் பேசவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேத்தண்ணிக் கடையில் இருக்கும்போது கனடாவிலிருந்து அழைப்பு வரத் தொடங்கியது. வெளியே போய் நடைபாதையில் நின்று பேசுவீர்கள். என்ன சமைத்தது, அங்கே எவ்வளவு குளிர், யாருடைய மகளுக்குக் கல்யாணம். ஒரு நாள் நீங்கள் வெளியே நின்று சிரித்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் வரப்போகிறார், கோடையில் வருவார் என்று சொன்னீர்கள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் முகம் பழையபடி ஆகிவிடும். நான் கேட்க வாயெடுப்பேன். "தேத்தண்ணி ஆறுது" என்பீர்கள்.

கோடை வரமுன், சேன்-தெனியில் ஒரு அலுவலகத்தின் படிக்கட்டில் துடைத்துக்கொண்டிருந்தபோது விழுந்தீர்கள். மூளையில் இரத்தக் கசிவு. ஆஸ்பத்திரியில் எனக்கு வைத்தியர் விளக்கினார். உங்களைப் பற்றி ஒரு வைத்தியர் சொன்னதை உங்களுக்கு மொழிபெயர்க்காமல் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நீங்கள் கண் திறக்கவே இல்லை.

உங்கள் கணவர் செத்தவீட்டுக்கு வந்தார். நான் நினைத்ததைவிடச் சிறிய மனிதர். இரவல் குளிர்ச்சட்டை தோளைவிட்டு வழிந்தது. உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, காலடிப் பக்கமாகப் போய் நின்றார். எரித்து முடிந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவரை லாசப்பலுக்குக் கூட்டிவந்து நம்முடைய கடையில் உட்கார வைத்தேன். தேத்தண்ணி வந்தது. அவர் குடிக்கவில்லை.

"தங்கச்சி, ஒண்டு கேக்கவேணும். அந்தத் தச்சன் சொன்னதை மொழிபெயர்த்தது நீங்கள்தானே?"

"ஓம் அண்ணை."

"உண்மையிலை என்ன சொன்னவர்? இவ என்னை ஆறுதல்படுத்தச் சொன்னாவோ எண்டு எனக்கு ஒரு சந்தேகம். அந்த நாளிலையிருந்து இருக்குது. இவவிட்டைக் கேக்கப் பயம்."

அக்கா, நான் அவரைப் பார்த்தேன். அவர் கண்ணில் இருந்தது என்ன என்று எனக்கு விளங்கவில்லை. முதல் பதிலைக் கேட்டால் அந்த மனிதர் நொறுங்கிப்போவார் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கேட்டால் உங்களோடு சேர்ந்து பாதியைச் சுமப்பார், அது அவருக்கு உரிய பாதிதானே என்று அடுத்த நிமிஷம் தோன்றியது. கனடாவில் எழுந்து வேலைக்குப் போய், தனியாகச் சாப்பிட்டுப் படுக்கிற ஒருவருக்கு எது நல்லது என்று தீர்மானிக்க நான் யார்? ஆனால் அவர் கேட்டுவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தருக்கும் தெரியாது எண்டுதான் சொன்னவர் அண்ணை. தெரியுமெண்டு சொல்லுறவன் பொய் சொல்லுறான் எண்டும் சொன்னவர்."

"வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"பாவம் பாத்துச் சொல்லேல்லை எண்டும் சொன்னவர். அக்கா அதையும் கேட்டவ."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். "அவ கேப்பா" என்றார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்புப்போல ஒன்று வந்தது. கோப்பையை எடுத்து ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். அடுத்த நாள் விமானம் ஏறினார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அழைப்பு எடுப்பார். என்ன சமைத்தது என்று கேட்பார்.

நான் சொன்னது பொய்யில்லை. நீங்கள் சொன்னதும் பொய்யில்லை. அதனால் எனக்கு நிம்மதி வரவில்லை. பெனுவாவுக்கு எழுதிக் கேட்கலாமா என்று பலமுறை யோசித்தேன். அவர் என்ன சொன்னாலும் அதைக் கொண்டுவந்து கொடுக்க இப்போது ஆள் இல்லை.

கிளினிக்கில் தினமும் யாருக்காவது மொழிபெயர்க்கிறேன். நோகுதோ, எங்கை நோகுது, எவ்வளவு நாளாய். சொல்லி முடித்ததும் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள், சொன்னதெல்லாம் அவர்களோடு போய்விடும். நீங்கள் கேட்டு நான் கேட்ட ஒன்று மட்டும் போகவில்லை. நீங்கள் வைத்திருக்கிறேன் என்று சொன்ன அந்த முதல் பதில் இப்போது என்னிடம் இருக்கிறது. அதை அவரிடம் கொடுக்க மாட்டேன். வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன். வைத்திருப்பேன். ஆனால் அது உங்களுக்கு உரியதென்று நான் அன்றைக்கு ரயிலிலும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை அக்கா. பிள்ளை காலை நீட்டி நித்திரை கொண்டாள். அதைச் செய்து கொடுத்தவர் நீங்கள்.